‘சிங்கிள்’ தனிப்பாடல் ஆகாது

ராக் குழு ஒன்று புதிதாக ஒரு பாட்டை வெளியிட்டால் போதும், ஆங்கிலத்தில் ‘சிங்கிள்’ (single) என்றிருப்பதைத் தமிழாக்கி ‘குழுவின் முதல் தனிப்பாடல்’ என்று எழுதிவிடுகிறார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரி விழாக்களில் அறிவிப்பாளர்களும் இதையே சொல்கிறார்கள். நாலு பேர் கிட்டாரும் டிரம்ஸுமாக மேடையில் நிற்கும்போது அது எப்படித் தனிப்பாடல் ஆகும்? பள்ளிக்கூடப் போட்டியில் தனிப்பாடல் வேறு, குழுப்பாடல் வேறு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். புலவர் எடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவதை இங்கே யாரும் தனிப்பாடல் என்பதில்லை.

சரி, சிங்கிள் எங்கிருந்து வந்தது? இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து. பல தட்டுகளைப் புத்தகம்போல அட்டை கட்டி விற்றது ஆல்பம். தனியாக விற்ற தட்டு சிங்கிள். 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த ஏழு அங்குல, நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் தட்டுதான் பிறகு அதன் அடையாளம் ஆனது. பக்கத்துக்கு ஒன்றாக அதில் இரண்டு பாட்டு. அதனால் ‘ஒற்றைப் பாடல்’ என்பதும் சரிவராது.

தனிப்பாடலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் காளமேகப் புலவரைத் துணைக்கு அழைக்கிறார்கள். எந்தக் காவியத்திலும் சேராத செய்யுள்தானே தனிப்பாடல், ஆல்பத்தில் சேராத பாட்டும் அப்படித்தானே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை வேறு. ஏராளமான சிங்கிள்கள் ஆல்பத்தில் சேர்பவைதாம். அது வருமுன்னே கட்டியம் கூற வருபவை. காளமேகத்தின் சிலேடை வெண்பா எந்த நூலுக்குக் கட்டியம் கூறியது? தனிப்பாடல் திரட்டைப் படிக்கப்போகும் பிள்ளைகளிடம் அந்தச் சொல் குழம்பாமல் போய்ச்சேர வேண்டாமா?

‘தனி’ என்ற அடை வெளியீட்டோடு சேர வேண்டியது. ‘தனிவெளியீடு’ என்றால் ஒருவர் பாடினாலும் பத்துப் பேர் பாடினாலும் பொருந்தும். பின்னால் ஆல்பத்தில் சேர்ந்தாலும் பழுதில்லை. அதுவும் வேண்டாம் என்றால் ‘சிங்கிள்’ என்றே எழுதலாம். தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

அப்புறம், புதுப் பாட்டைப் பற்றி எழுதும்போது ‘மிக்ஸ்டு ரிசெப்ஷன்’ (mixed reception) என்பதை அப்படியே பெயர்த்துப் போடும் அந்த ‘கலவையான வரவேற்பு’. சிமென்டும் மணலுமா கலந்தார்கள்? சிலர் கொண்டாடினார்கள், சிலருக்குப் பிடிக்கவில்லை என்று எழுத என்ன தடை? பிடிக்காதவர்களுக்கு எது உறுத்தியது, கிட்டாரின் இரைச்சலா, பாட்டின் வரிகளா என்பதையும் கேட்டு எழுதுங்கள். மொழிபெயர்ப்பவர்கள் பாட்டையும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுத வேண்டும்.