ஜிஎஸ்டி சான்றிதழை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள்

மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண்ணின் வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து நின்று, "பணம் கட்டியாச்சு, சேலை எங்கே?" என்று சத்தம் போட்டிருக்கிறார். பணம் வாங்கியது இவர் இல்லை. இவருடைய சேலைப் படங்களையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் எடுத்து, ஏறக்குறைய அதே பெயரில் யாரோ ஒரு பக்கம் திறந்து முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். சான்றிதழில் இருந்த முகவரியைப் பார்த்து அவர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

சிறு தொழில் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் வேலை. இப்படி வருவது இது முதல் தடவை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். ஏன் போட்டீர்கள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "சர்டிபிகேட் போட்டாத்தான் சார் நம்புறாங்க."

சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்று விதி இருப்பது உண்மை. ஆனால் அது தொழில் நடக்கும் இடத்தில் மாட்டுவதற்கு. வாசல் பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் ஹைலைட்டில் ஒட்டி வைக்கும்படி எந்த விதியும் சொல்லவில்லை.

சான்றிதழின் படம் எதையும் நிரூபிக்காது. தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். படத்தை யாரும் நகல் எடுக்கலாம், பெயரை மாற்றலாம், அப்படியே தன் பக்கத்திலும் போடலாம். அந்தப் போலிப் பக்கத்தை நம்பிப் பணம் கட்டியவர்களும் "சர்டிபிகேட் இருந்ததே" என்றுதான் சொல்கிறார்கள். எண் மட்டும் கொடுத்தால் போதும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைப் போட்டால், கணக்கு எதுவும் இல்லாமலே, சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வந்துவிடும். எண்ணையும் திருடலாமே என்றால், திருடலாம். அதனால் பக்கத்தின் மேலேயே எழுதி வையுங்கள்: "பணம் அனுப்பும்போது இந்தப் பெயர் வந்தால் மட்டும் அனுப்புங்கள்." யுபிஐயில் வரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஜிஎஸ்டி பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வாடிக்கையாளரைப் பழக்க வேண்டும். திருடனால் உங்கள் படத்தை எடுக்க முடியும், உங்கள் பெயரில் பணம் வாங்குவது அவ்வளவு எளிதில்லை.

இன்னொன்று. நம்பிக்கைக்காக என்று சொல்லியே ஜிஎஸ்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்று, வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்குப் பெரும்பாலும் பதிவே கட்டாயமில்லை. எடுத்த பிறகு விற்பனை இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் (வரிக் கணக்கு அறிக்கை) போட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய் ஏறும். அதோடு, பதிவு செய்த முகவரி அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். தனியாகக் கடையோ குடோனோ இருந்தால், வீட்டைக் கொடுக்கும் முன் யோசியுங்கள். பில்லிலும் பொட்டல லேபிளிலும் முகவரி வரத்தான் வேண்டும், அது சட்டம். அதற்காக வீட்டு வாசலைக் காட்டி ரீல்ஸ் எடுக்க வேண்டாம். பள்ளிச் சீருடையோடு குழந்தையைப் பேக்கிங் வீடியோவில் காட்டவே வேண்டாம்.

சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழும் அப்படித்தான், அதில் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்கூட இருக்கும். ஆதார், பான் அட்டை, கையெழுத்திட்ட காசோலை இதெல்லாம் வாட்ஸ்அப்பில் "ப்ரூஃப் அனுப்புங்க" என்று கேட்கும் மொத்த வியாபாரிக்குக் கொடுப்பதற்கில்லை. ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே மூன்றாவது இலக்கத்திலிருந்து உங்கள் பான் எண் இருக்கிறது. எண் தெரிவதில் பெரிய ஆபத்து இல்லை. அட்டையின் படம், ஆதார், மின்கட்டண ரசீது எல்லாம் சேர்ந்து ஒருவன் கையில் போனால்தான் உங்கள் பெயரில் போலி நிறுவனம் பதிவாகி, நீங்கள் பார்த்தே இராத சரக்குக்கு வரி நோட்டீஸ் வரும். ராணுவத்தில் இருக்கிறேன் என்று அடையாள அட்டை அனுப்பி மொத்த ஆர்டர் கொடுப்பவரையும் நம்பாதீர்கள். பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பார். பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையே இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பக்கத்தையே மூடிவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னார். அதைச் சொல்லவில்லை. உங்கள் முகமும் குரலும் வரட்டும், சாயம் ஏற்றுவதையும் முடிச்சுப் போடுவதையும் காட்டுங்கள். விலையை வெளிப்படையாக எழுதுங்கள், "விலைக்கு இன்பாக்ஸ்" வேண்டாம். எத்தனை நாளில் வரும், சேதமானால் மாற்றித் தருவீர்களா என்றும் எழுதி வையுங்கள். வாடிக்கையாளர் உங்களிடம் பார்க்க வேண்டிய வெளிப்படைத்தன்மை அதுதான்.

போலிப் பக்கம் வந்துவிட்டால் கோபத்தில் உடனே அவனுக்கு மெசேஜ் போடாதீர்கள், பக்கத்தை அழித்துவிடுவான். முதலில் அதன் இணைப்பையும், பணம் போன யுபிஐ முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் இழந்தவரை சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள், நேரம் போகப் போக பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு குறையும். நீங்களும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் தனியாகப் புகார் கொடுத்து புகார் எண்ணை வாங்கி வையுங்கள். நாளை யாராவது உங்கள் மீதே புகார் கொடுத்தால் அது கையில் இருக்க வேண்டும். அப்புறம் ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. அதில் உங்களுக்குத் தெரியாத பதிவு ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.