ஜாயிண்டர்: பொருத்து வெட்டாத எந்திரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மரப்பட்டறைக்கு வேலை பழக வந்த தோட்டத்துத் தம்பி ஒருவன், முதல் வாரத்திலேயே ஒரு சாண்கூட இல்லாத ரப்பர் மரத்துண்டோடு, பலகையை மட்டமாக்கும் ஜாயிண்டர் எந்திரத்தின் பக்கம் போனான். "அண்ணே, பொருத்து இதுலதானே வெட்டணும்?" துண்டு மேசையைத் தொடுமுன் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். அவன்மேல் தப்பில்லை. பெயர்தான் அவனை அங்கே இழுத்துப் போனது.

'ஜாயின்' என்றால் சேர்ப்பது. லத்தீன் 'யுங்கெரே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இரண்டு பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டுவதற்குமுன் அந்த ஓரங்களை நேராக்கிய நீண்ட கை இழைப்புளிக்குத்தான் ஜாயிண்டர் என்று பெயர். சாதாரண இழைப்புளி 14 அங்குலம் என்றால் இது 22, 24 அங்குலம். குட்டையானது பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும். நீண்டது மேட்டின்மேலேயே கிடந்து மேட்டை மட்டும் சீவும். மோட்டார் வந்த பிறகும் வேலை அதேதான், பெயரும் அதேதான். பொருத்துக்கான நாக்கும் துளையும் வெட்ட வேறு கருவி வேண்டும்.

பட்டறையில் 'கெத்தாம்' என்றாலே போதும். மலாயில் இழைப்புளிக்கு அதுதான் பெயர். ஆனால் இழைக்கிற எல்லா எந்திரமும் கெத்தாம்தான். தமிழில் இழைப்பு, உளி இரண்டும் சேர்ந்த 'இழைப்புளி' இருக்கிறது. அதை ஒட்டி, பலகையின் முகத்தையும் ஓரத்தையும் மட்டமாக்கும் இதை 'மட்ட இழைப்பான்' என்பேன். பலகையை ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் பிளேனர் 'கன இழைப்பான்'. 'இணைப்பான்' என்று பெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தம்பியை அது மறுபடியும் கத்திக்கே அனுப்பும்.

25, 30 வருடம் பால் கொடுத்துச் சாய்த்த ரப்பர் மரம் காயும்போது எளிதில் முறுக்கிக்கொள்ளும். அதனால் இந்த எந்திரம் எங்களுக்கு அன்றாடத் தேவை. முன்மேசைக்கும் பின்மேசைக்கும் நடுவில் உருளை சுழலும். நிமிடத்துக்கு 5,000 சுற்று, உருளையில் மூன்று கத்தி: 15,000 வெட்டு. பின்மேசை கத்தியின் உச்சத்தோடு மட்டமாக நிற்க வேண்டும். உயர்ந்தால் பலகை முட்டும், தாழ்ந்தால் கடைசி முனையில் பள்ளம் விழும். முன்மேசையை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு சீவும்; 1.5 மில்லிமீட்டர் இறக்கினால் போதும். குட்டைத் துண்டைக் கத்தி தட்டிவிட்டால், அதை அழுத்திய கை நேரே கத்தியில் விழும். அதனால் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை இதில் வைப்பதே இல்லை. காப்பு மூடியைக் கழற்றுவதில்லை, கையுறை போடுவதில்லை. முகத்தை இழைக்கும்போது கைக்குப் பதில் தள்ளுகட்டை.

"நீளப் பலகையாவே மட்டமாக்கு தம்பி, அப்புறம் துண்டு போடு" என்றேன். மூன்றடிப் பலகையின் ஓரத்தை இழைத்து, மூலைமட்டத்தைச் சாத்தி, வாசல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். இடையில் வெளிச்சம் ஒழுகவில்லை.