வார்டு: மார்மன் சபைக்குள் வந்த நகராட்சிச் சொல்

வார்டு என்றதும் நமக்கு மருத்துவமனையும் கவுன்சிலரும் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு மார்மன் குடும்பத்தார் "எங்கள் வார்டு" என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை தாங்கள் சேர்ந்து வழிபடும் சபையைச் சொல்கிறார்கள். (மார்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபைக்கு ஊர் வழங்கும் பெயர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரையே சொல்லும்படி 2018-இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது.)

வார்டு பழைய ஆங்கிலச் சொல். காவல் என்பதே அதன் முதற்பொருள். காவலர் என்று பொருள்படும் 'கார்டு', நம் விடுதி 'வார்டன்' இரண்டும் இதே வேரிலிருந்து வந்தவை. காவலுக்கு உட்பட்ட இடம் என்று பொருள் விரிந்து, பிறகு நகரத்தின் நிர்வாகப் பிரிவுக்குப் பெயரானது.

சபைக்குள் இந்தச் சொல் நகராட்சி வழியாகத்தான் நுழைந்தது. 1839-இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் மார்மன்கள் குடியேறிய ஊர் இல்லினாய்ஸ் மாநிலத்து நாவூ. அந்த நகரத்தை வார்டுகளாகப் பிரித்து, ஏழைகளைக் கவனிக்க வார்டுக்கு ஒரு பிஷப்பை நியமித்தார்கள் (மார்மன்களிடம் பிஷப் என்றால் ஒரு வார்டின் தலைவர்). அங்கிருந்து விரட்டப்பட்டு 1847-இல் இன்றைய யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்தது. 1849-இல் அங்கே எழுந்த சால்ட் லேக் நகரத்தில் 19 வார்டுகள் அமைந்தன. அங்கே பிஷப்பின் வேலை பிரசங்கத்தோடு முடியவில்லை. தசமபாகமாக, அதாவது பத்தில் ஒரு பங்குக் காணிக்கையாக, வந்த தானியம், முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் வாங்கிக் கணக்கு வைத்தார். அக்கம்பக்கத்துச் சண்டைகளைத் தீர்த்தார். தெருவும் சபையும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

இன்றைக்கும் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அதுதான் பொதுவாக உங்கள் வார்டு. பிரசங்கம் பிடிக்கவில்லை என்று பக்கத்து வார்டுக்கு மாறிக்கொள்ளும் பழக்கம் இல்லை. பணக்காரரும் வாடகை கொடுக்கத் திணறுகிறவரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. அவர் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, சுமார் ஐந்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பைச் சுமந்துவிட்டு மறுபடி சாதாரண உறுப்பினர் ஆகிவிடுவார். வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் இருந்து, மிச்சமான சாப்பாட்டுச் செலவைக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்து, பிஷப் அதிலிருந்து உதவுகிறார். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, வீடு மாறுகிறவருக்குச் சாமான் ஏற்றிக் கொடுப்பது எல்லாம் வார்டுக்காரர்கள் செய்வதுதான். காவல் என்ற பழைய பொருள் எனக்கு இங்கேதான் உயிரோடு தெரிகிறது. நாமாகத் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு வருடக்கணக்காகப் பழகுவது லேசான காரியம் இல்லை, மனத்தாங்கலும் வரும். அந்த மனத்தாங்கலோடும் அடுத்த ஞாயிறு அங்கேயேதான் போக வேண்டும். இந்த மதத்தில் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சபையின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'தொகுதி' என்று வருகிறது. சபைக்குள் இருப்பவர்களுக்கு அது பழகியிருக்கும். வெளியாருக்குத் தேர்தல்தான் ஞாபகம் வரும். கத்தோலிக்கரின் 'பங்கு' பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் பங்கு என்றால் கூடவே பங்குத்தந்தையும் வந்துவிடுவார். வார்டில் அப்படி முழுநேரக் குரு யாரும் இல்லை. 'வட்டம்' நகராட்சி வார்டுக்கு ஏற்கெனவே வழங்கும் சொல் என்றாலும், தனியாக நின்றால் அரசியல் வாடை அடிக்கும்.

என் தேர்வு 'வட்டாரச் சபை'. குடியிருக்கும் இடத்தை வைத்து அமைகிறது என்பதும், கூடி வழிபடும் மக்கள் என்பதும் இரண்டும் அதில் இருக்கின்றன. இலங்கையில் உள்ளூராட்சி வார்டையே வட்டாரம் என்றுதான் சொல்கிறார்கள் என்பதால் அங்குள்ள வாசகருக்கும் இது சட்டென்று புரியும். உறுப்பினர்களின் பேச்சை அப்படியே எழுதும்போது மட்டும் 'வார்டு' என்றே விட்டுவிடலாம்.