சப்ளிமெண்ட்: தமிழில் 'நிரப்புச்சத்து'

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் சப்ளிமெண்டை 'சத்து மாத்திரை' என்றுதான் கேட்டு வாங்குகிறோம். வாய்க்கு எளிது, ஆனால் பொருளில் பாதிதான் வருகிறது.

சப்ளிமெண்டின் வேர் லத்தீன் 'சுப்ளேரே', அதாவது நிரப்புதல். ஆள் குறைந்த ரோமானியப் படைக்கு அனுப்பிய புது வீரர்களும் 'சுப்ளிமெந்தும்' தான். குறை இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கே வேலை. 'கூடுதல் சத்து' என்று எழுதினால், கூடக் கூட நல்லது என்று பட்டுவிடும். 'நிரப்புச்சத்து' என்பதே பொருந்தும். கணக்குப் பாடத்தில் 'சப்ளிமெண்டரி' கோணத்தை 'மிகைநிரப்புக் கோணம்' என்பார்கள்; அந்த மிகை இங்கே வேண்டாம்.

குறையை நிரப்புவது எப்படி என்பதை மலாயாவே கண்டது. 1900களின் தொடக்கத்தில் தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களை, வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின், அதாவது பி1, அரிசிக்குள் இறங்கிவிடும். காசிமிர் ஃபுங்க் 1912இல் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் எனப் பெயரிட்டார். 'வீட்டா' என்றால் உயிர், தமிழில் உயிர்ச்சத்து.

இன்று தவறு நடப்பது வேறு இடத்தில். இனிப்புநீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மெட்ஃபோர்மின் மருந்தை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், பாதம் மரத்துப்போகலாம். அதற்காக வாங்கும் பி கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் பி6 மட்டும் 100, 200 மில்லிகிராம் இருக்கும். பெரியவருக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராமே போதும். நீரில் கரைவதுதானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்று நம்பி மாதக்கணக்கில் விழுங்கினால் பி6 நரம்பைக் கெடுக்கும். அதன் அறிகுறியும் பாத மரமரப்புதான்! நோய் முற்றிவிட்டதென்று எண்ணி மாத்திரையைக் கூட்டுகிறார்கள். தயவுசெய்து முதலில் கிளினிக்கில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைட்டமின் ஏ, டி இரண்டும் உடம்பில் தங்குபவை. கர்ப்பிணிக்கு ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ நாளுக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டினால் கருவுக்கு ஆபத்து. மல்டிவைட்டமினோடு மீன் ஈரல் எண்ணெயும் எடுப்பவர் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் கே தொடக்கூடாது.

பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கினாலும் மலேசிய மருந்துப் பதிவெண்ணான 'எம்ஏஎல்' (MAL) எண்ணைத் தேடுங்கள். நிரப்புச்சத்து என்றால் இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து 'என்' (N). அது பதிவுக்கு அடையாளம், எவ்வளவு வேண்டுமானாலும் விழுங்க அனுமதி அன்று. லேபிளில் பி6 என்று போடாமல் 'பைரிடாக்சின்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரியிலுள்ள எண்ணை ஒரு நாளைக்குச் சாப்பிடும் மாத்திரைகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.