பாத்டப் இருந்த இடத்தில் ஷவரா? முதலில் குழாயைப் பாருங்கள்

திருகோணமலை உவர்மலையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் மேல்மாடி பாத்ரூமில் பாத்டப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். காலைத் தூக்கி உள்ளே வைக்க முழங்கால் விடவில்லை என்பதால் டைல்ஸ் பதித்த ஷவர் வேண்டுமென்றார். "தண்ணி போற ஓட்டைதான் இருக்கே தம்பி, அதுக்கு மேலேயே டைல்ஸ் பதிச்சுத் தாங்க." உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர்களும் இதையேதான் கேட்பார்கள். ஓட்டை இருப்பது சரி. அது டப்புக்குப் போட்ட ஓட்டை.

பழைய டப்புகளுக்குப் பெரும்பாலும் 1½ அங்குலக் குழாய்தான். தண்ணீர் மெதுவாக இறங்கினாலும் டப் ஒரு அண்டா மாதிரி அதைத் தேக்கி வைத்துக்கொள்ளும். ஷவரில் தேக்கி வைக்க வாசல் திட்டு மட்டும்தான்; அதையும் இப்போது பலர் வேண்டாம் என்கிறார்கள். தலைமுடியும் சவர்க்கார அழுக்கும் குழாயைப் பாதி அடைத்தால் தண்ணீர் படுக்கையறைக்குப் போய்விடும். அதனால் ட்ராப்பிலிருந்து (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக் குழாய்) பிரதான குழாய் வரை 2 அங்குலம் போட வேண்டும். அரை அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் தண்ணீர் போகும் வழி ஏறக்குறைய 1¾ மடங்காகிறது. மேலே 2 அங்குல வாய் வைத்து, கீழே குழாயைக் குறுக்கும் ரெடியூசர் போட்டுப் பழைய குழாயிலேயே சேர்த்துவிடுகிற வேலையை நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் அகலம், தொண்டை குறுகல்.

டப் நிரம்பி வழியாமலிருக்க வைத்த ஓவர்ஃப்ளோ குழாய்க்கு இனி வேலையில்லை. இணைப்போடு சேர்த்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது உயரம். டீச்சர் வீட்டில் டப்பைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். ட்ராப் கொங்கிரீட் சிலாப்புக்கு மேலேயே கிடந்தது. டப் போனால் அது தரைக்குக் கீழே இறங்கியாக வேண்டும். கீழ்த்தளமென்றால் உடைத்துப் புதைத்துவிடலாம். மேல்மாடியில் சிலர் தரையை உயர்த்துவார்கள், அப்படிச் செய்தால் மறுபடியும் ஒரு படி ஏற வேண்டும், அதே முழங்கால். சிலர் உளியெடுத்துச் சிலாப்பில் கால்வாய் வெட்டுவார்கள். அதற்கு மட்டும் விடாதீர்கள். கம்பி அறுந்தால் சிலாப்பின் பலம் போகும். அறாமல் வெளியே தெரிந்தாலும் நம்முடைய உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். பொறியியலாளர் ஒருவருக்குக் காட்டி இடம் குறித்து, வட்டமாகத் துளைக்கும் கோர் மெஷினால் ஒரே ஒரு துளை போட்டோம். ட்ராப் கீழ் அறையின் சீலிங்குக்குள் போனது. பிற்பாடு அடைத்தால் திறக்க ஒரு சின்னக் கதவும் வைத்தோம்.

வாட்டம் அடிக்கு கால் அங்குலம், தரைக்கும் குழாய்க்கும். சுவரிலிருந்து வடிகால் 3 அடி என்றால் முக்கால் அங்குல இறக்கம். நடுவில் வடிகால் வைத்தால் நாலு பக்கமும் சரிய வேண்டும், பெரிய டைல்ஸ் அதற்கு வளையாது. சின்ன டைல்ஸ் எடுங்கள். பெரியதுதான் வேண்டுமென்றால் சுவரோரம் நீள வடிகால் வைத்து ஒரே பக்கம் சரிக்கலாம். டைல்ஸ் வழுக்காததாக இருக்கட்டும்.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்புகிறவர்கள்தான் அதிகம். டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கிரவுட் வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். தடுப்பது அதற்கு அடியில் பூசும் வாட்டர்ப்ரூஃபிங். மூலைகளில் துணிப்பட்டி ஒட்டி, இரண்டு பூச்சு, இரண்டாவது குறுக்காக. சுவரில் ஆள் உயரம் வரை, தரையில் வடிகாலின் விளிம்போடு ஒட்டும்படி. அந்த விளிம்பில்தான் ஒழுக்கு தொடங்கும்.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் வடிகாலை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணித்தியாலம் விட வேண்டும். அவசரத்தில் ஒருமுறை இதைச் செய்யாமல் டைல்ஸ் பதித்தேன். விடுதியொன்றில், சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது. கீழ் அறைச் சீலிங் நனைந்ததும், பதித்ததெல்லாவற்றையும் என் செலவில் உடைத்தேன்.

நம்மூர் வெக்கைக்குத் தண்ணீர் தானாகவும் கொஞ்சம் வற்றும். பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். டீச்சர் வீட்டில் மறுநாள் காலை இரண்டு கோட்டிலும் ஒரே அளவுதான் குறைந்திருந்தது. கீழே போய்ச் சீலிங்கைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அப்புறம்தான் டைல்ஸ் பதிக்கிறவருக்குப் போன் போட்டேன்.