நடக்காமல் போன மாரடைப்பை எப்படி எண்ணுவது?

தலைவலி மாத்திரை வேலை செய்ததா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கொலஸ்ட்ரால் மாத்திரையைப் போட்ட அன்றும் ஒன்றும் தெரியாது, விட்ட அன்றும் ஒன்றும் தெரியாது. அதனால் விடுவது ரொம்பச் சுலபம். நாட்பட்ட நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று 2003இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் முக்கியமானவை ஸ்டாட்டின்கள். நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. அதில் கல்லீரலின் பங்கு பெரிது. அந்தத் தயாரிப்புக்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின் மடக்கிப் பிடிக்கிறது. உள்ளே கொலஸ்ட்ரால் தட்டுப்பாடு வந்ததும், கல்லீரல் செல்கள் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல்.லைப் பிடிக்கும் ஏற்பிகளைத் தங்கள் மேற்பரப்பில் கூடுதலாக முளைக்க விட்டு, ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாத்திரையை நிறுத்தினால் நொதி விடுபடும், ஏற்பிகள் குறையும், சில வாரங்களில் எல்.டி.எல். பழைய அளவுக்கே போய்விடும். போன வருஷம் ஒழுங்காகப் போட்டோமே என்று இந்த வருஷத்துக்கு மிச்சம் எதுவும் நிற்பதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள கொழுப்புப் படிவு எளிதில் உடையாதபடி உறுதிப்படுவதோ மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிற வேலை. அதனால்தான் பலன் முதல் ஆண்டில் குறைவாகவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கூடுதலாகவும் இருக்கிறது.

சரி, இதனால் ஆஸ்பத்திரிக்குப் போவது குறைகிறதா? 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு இதற்கு நல்ல பதில் தந்தது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டினும் மறு பாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேல் கவனித்ததில், மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. இதயம், ரத்தக்குழாய்த் தொல்லைகளுக்காக அவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இது குலுக்கிப் பிரித்துக் கிடைத்த கணக்கு, அதனால் நம்பலாம். "ஒழுங்காக மாத்திரை போடுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு குறைவு" என்று மருந்துக்கடைப் பதிவுகளை வைத்துச் சொல்லும் ஆய்வுகளை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் படிப்பேன். வழக்கமாக, கணக்கெடுத்த நாட்களில் 80 சதவீதத்துக்காவது கையில் மாத்திரை இருந்தால் அவரை ஒழுங்கானவர் என்று வைத்துக்கொள்வார்கள். கையில் இருந்தது வாய்க்குள் போனதா என்பது வேறு கேள்வி.

அதைவிடப் பெரிய சிக்கலை, 1980இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு முடிவு காட்டியது. மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்கு குளோஃபைப்ரேட் என்ற பழைய கொலஸ்ட்ரால் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் 15 சதவீதம், எடுக்காதவர்களில் சுமார் 25 சதவீதம். அடேயப்பா என்று தோன்றும். ஆனால் போலி மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களிலும் இறந்தவர்கள் 15 சதவீதம்தான். ஒழுங்கில்லாதவர்களில் 28 சதவீதம்! மாத்திரையை மறக்காத ஆள் நடைப்பயிற்சியையும் மறக்கமாட்டார், பரிசோதனைக்கும் போய்விடுவார். ஏற்கெனவே உடம்பு தளர்ந்தவருக்கு மாத்திரை போடுவதே சுமையாகியிருக்கலாம். பதிவேட்டில் இதெல்லாம் மருந்தின் பலன் போலவே தெரியும்.

இன்னொன்று, ஒழுங்காக எடுப்பவரின் மருந்துச் செலவு எப்படியும் கூடும். அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு ஸ்டாட்டின் உள்ளிட்ட மருந்துகளைக் கைக்காசு கேட்காமல் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. ஒழுங்கு 4 முதல் 6 சதவீதப் புள்ளிகள் மட்டுமே கூடியது. மொத்தச் செலவு குறிப்பிடும்படி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆகவே விலை மட்டும் தடை இல்லை.

பலர் விடுவதற்குச் சொல்லும் காரணம் தசைவலி. அரிதாகத் தசையே பாதிக்கப்படுவது உண்டு. அதனால் வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேரை வைத்து லண்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. ஓராண்டில் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. ஸ்டாட்டின் மாதங்களில் பட்ட தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவரவர் பட்ட தொல்லையின் கணக்கை அவரவரிடமே காட்டியபோது, பாதிப் பேர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள்.