செயின் ஸ்பிராக்கெட்டில் பல் மாற்றிய பிறகு மீட்டரை எப்படிச் சரிசெய்வது?

திருநெல்வேலிச் சீமையில் இரண்டு வகைத் தேவைக்காக வண்டியின் ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, மாற்றச் சொல்லி வருகிறார்கள். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து வாழையிலைக் கட்டும் பால் கேனும் ஏற்றி வருபவர்களும், பாபநாசத்துக்கு மேலே அடிக்கடி மலையேறுபவர்களும் இழுவை கூட வேண்டும் என்று முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைக்கச் சொல்கிறார்கள். நாகர்கோவில் செல்லும் நான்குவழிச் சாலையில் தினமும் ஓடும் இளைஞர்கள், என்ஜின் அலறாமல் வேகம் கிடைக்க வேண்டும் என்று ஒரு பல் கூட்டச் சொல்கிறார்கள். இரண்டுமே நியாயமான தேவைகள்தாம். ஆனால் பல் மாறிய பிறகு ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் கிலோமீட்டரும் உண்மைதானா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்பவர்களிலும் பாதிப் பேர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியவர்களோ கேட்பதே இல்லை. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் வண்டியின் மீட்டர் எந்த இடத்திலிருந்து வேகத்தை எடுத்துக்கொள்கிறது என்பதுதான். ஸ்பிளெண்டர், பழைய புல்லட் போன்ற வண்டிகளில் முன்சக்கர ஹப்பிலுள்ள பல்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக மீட்டர் சுழல்கிறது. முன்சக்கரத்துக்கும் செயினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால், இவற்றில் முன் ஸ்பிராக்கெட்டோ பின் ஸ்பிராக்கெட்டோ எத்தனை பல் மாறினாலும் மீட்டர் மாறாது. வேகத்தைச் சக்கரத்திலுள்ள சென்சாரிலிருந்தே எடுக்கும் வண்டிகளுக்கும் இதே நிலைதான். கியர்பாக்ஸிலிருந்து வெளிவந்து முன் ஸ்பிராக்கெட்டைச் சுழற்றும் ஷாஃப்டின் (தண்டின்) சுழற்சியை எண்ணும் சென்சார் உள்ள வண்டிகளில் மட்டுமே பல் மாற்றம் மீட்டரைக் கெடுக்கிறது. அந்த சென்சார் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டுமே அறியும்; அதற்குப் பிறகு பின்சக்கரம் எவ்வளவு சுற்றியது என்பதை, கம்பெனி கொடுத்த பல் கணக்கு மாறவில்லை என்று நம்பிக்கொண்டு மீட்டர் கணக்கிடுகிறது.

எது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. கேபிள் உள்ள வண்டியானால், மீட்டரின் அடியில் கேபிள் திருகைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கேபிளின் நடுவில் தெரியும் சதுரமான கம்பி முனை சுழன்றால், மீட்டர் முன்சக்கரத்தைச் சேர்ந்தது. ஸ்பிராக்கெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். டிஜிட்டல் மீட்டரானால், சென்டர் ஸ்டாண்டிலோ, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்தி, முதல் கியரில் மெதுவாகப் பின்சக்கரத்தை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். செயின் பக்கம் கையோ துணியோ போகவே கூடாது. முன்சக்கரம் அசையாமல் இருக்கும்போதும் மீட்டர் வேகம் காட்டினால், சென்சார் கியர்பாக்ஸிலோ பின்சக்கரத்திலோ இருக்கிறது. முன் ஸ்பிராக்கெட் கவருக்கு அருகே கியர்பாக்ஸ் உறையில் ஒற்றை போல்ட்டில் பொருத்தி, வயருடன் நிற்கும் சிறிய கறுப்புத் துண்டு தென்பட்டால் அநேகமாக அதுதான் அந்த சென்சார். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இந்தச் சோதனையின்போது ஏ.பி.எஸ். விளக்கு எரியலாம்; சாவியை அணைத்துப் போட்டு வண்டியைச் சற்று ஓட்டினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும்.

கியர்பாக்ஸ் சென்சார்தான் என்று உறுதியானால், அடுத்தது கணக்கு. புதிய முன் பல்லைப் பழைய முன் பல்லால் வகுத்து, பழைய பின் பல்லைப் புதிய பின் பல்லால் வகுத்து, இரண்டையும் பெருக்க வேண்டும். கிடைக்கும் எண்ணால் மீட்டர் காட்டுவதைப் பெருக்கினால், பழைய ஸ்பிராக்கெட்டில் மீட்டர் எதைக் காட்டியிருக்குமோ அது வரும். முன்னால் 15, பின்னால் 45 பல் இருந்த வண்டியில் முன்பக்கம் 14 போட்டால் 14-ஐ 15-ஆல் வகுக்க 0.933 வருகிறது, அதாவது மீட்டர் 75 காட்டும்போது பழைய கணக்கில் வேகம் 70. மாறாக 16 போட்டால் 1.067, மீட்டர் 75 காட்டும்போது பழைய கணக்கில் வேகம் 80. முன்பக்கம் 14, பின்பக்கம் 48 என்று இரண்டையும் மாற்றியிருந்தால் 0.933-ஐ 0.9375-ஆல் பெருக்க 0.875 வரும், எட்டில் ஒரு பங்கு பிழை என்பது சிறியதல்ல. பல்லின் எண்ணிக்கையை ஸ்பிராக்கெட்டில் பொறித்திருக்கும் எண்ணோடு நிறுத்திவிடாமல், ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு நீங்களே எண்ணிவிடுங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள், முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே பல் மாற்றியிருக்கக்கூடும் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். கம்பெனி கொடுத்த எண்ணிக்கையைச் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்வதே சரி.

இரண்டு திசைப் பிழைகளில் எனக்குப் பெரிய கவலை தருவது பல் கூட்டிய வண்டிதான். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குவிதி, மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக்கூடாது என்று வகுத்திருக்கிறது. அதனால் வண்டிகள் பொதுவாகவே சற்றுக் கூடுதலாகக் காட்டும்படிதான் வருகின்றன. உண்மையில் 60-இல் ஓடும்போது மீட்டரில் 63 தெரிவது சாதாரணம். பல் ஒன்று கூட்டியவுடன் அந்தப் பாதுகாப்பு இடைவெளி முழுவதும் கரைந்துபோகிறது; இரண்டு பல் கூட்டினால் மீட்டர் குறைத்தே காட்டும். மத்திய அரசு 2018-இல் அறிவித்த வரம்பு, நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மணிக்கு 80 கி.மீ., நகராட்சிச் சாலைகளில் 60 கி.மீ. என்று இருந்தது. வள்ளியூர் தாண்டி 80-ஐ மீறாமல் வருகிறேன் என்று மனசாட்சியோடு ஓட்டும் ஒருவர், தன்னை அறியாமல் அதை மீறிக்கொண்டிருப்பார். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். திடீரென்று ஆடோ ஆளோ குறுக்கே வந்து பிரேக் பிடிக்கும்போது வண்டி நிற்க வேண்டிய தூரம் வேகத்தின் இருமடிக் கணக்கில் கூடுகிறது. வேகத்தில் 7 சதவீதப் பிழை, நிற்கும் தூரத்தில் ஏறத்தாழ 14 சதவீதமாக வந்து நிற்கும்.

பல் குறைத்த வண்டியில் ஆபத்து இல்லை, ஆனால் ஏமாற்றம் உண்டு. கடையம் பக்கத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர், கியர்பாக்ஸ் சென்சார் உள்ள தம் வண்டியில் முன்பக்கம் 15-ஐ 14 ஆக்கிய பிறகு, "பிக்கப் நல்லா இருக்கு அண்ணாச்சி, மைலேஜும் அப்படியேதான் இருக்கு, 45 தருது" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நான்குவழிச் சாலையின் கிலோமீட்டர் கற்களை வைத்து அவரோடு சேர்ந்து அளந்து பார்த்தோம். பத்தாவது கல்லருகே ட்ரிப் மீட்டரில் 10.7 நின்றது. அவர் 45 என்று நினைத்த மைலேஜ் உண்மையில் 42. என்ஜின் கூடுதலாகச் சுற்றும்போது பெட்ரோல் சற்றுக் கூடச் செலவாவது இயல்பு. மீட்டரும் அதே அளவில் கூட்டிக் காட்டியதால் இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இதில் ஒரு நுட்பமும் உண்டு. மீட்டர் எண்ணுவது கியர்பாக்ஸின் சுழற்சியை என்பதால், என்ஜின் ஆயிலைப் பழைய மீட்டர் கணக்கிலேயே மாற்றினால் பெரிய தவறில்லை. என்ஜின் பட்ட பாட்டுக்கு அந்த எண் ஏறத்தாழப் பொருந்தும். டயர், பிரேக், மைலேஜ் ஆகிய மூன்றுக்கும்தான் சாலையில் ஓடிய உண்மைக் கிலோமீட்டர் வேண்டும்.

இனி திருத்தம். இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். செல்போனில் ஜி.பி.எஸ். செயலியைத் திறந்து, அது காட்டும் வேகமும் மீட்டர் வேகமும் அச்சு அசலாக ஒன்றாகும்வரை, சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே பொருத்தும் திருத்தக் கருவியைத் திருகுகிறார்கள். அப்படிச் செய்தால் கிலோமீட்டர் கணக்கு கெட்டுப்போகும். மீட்டருக்குள் வேகத்தைக் காட்டும் பகுதியில்தான் கம்பெனி அந்தச் சிறு கூடுதலை வைத்திருக்கிறது. தூரத்தை எண்ணும் பகுதி பெரும்பாலும் உண்மையை ஒட்டியே இருக்கும். சென்சாரிலிருந்து வரும் மின்துடிப்புகளைக் குறைத்து வேகத்தை ஜி.பி.எஸ்.ஸோடு பொருத்தினால், தூரமும் அதே விகிதத்தில் குறைந்து எண்ணப்படும். ஆகவே தூரத்தை அளவுகோலாக வைத்துத் திருத்துவதே முறை; வேகம் கம்பெனி வைத்த கூடுதலோடு தானே தன் இடத்துக்கு வந்துவிடும்.

தூரத்தை அளக்க நம் பக்கத்துக்கு வாய்த்த நல்ல இடம், நாங்குநேரி முதல் வள்ளியூர் வரையிலான தேசிய நெடுஞ்சாலை 44-இன் நேரான பகுதி. ஒரு கிலோமீட்டரை மட்டும் அளந்தால் போதாது. சாலை விரிவாக்கத்திலும் புறவழிச் சாலைகளிலும் ஒன்றிரண்டு கற்கள் சற்றுத் தள்ளி நடப்பட்டிருக்கக்கூடும், ட்ரிப் மீட்டரும் நூறு மீட்டருக்கு ஒருமுறைதான் நகரும். பத்துக் கிலோமீட்டர் அளந்தால் இந்தப் பிழைகள் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஒரு கல்லுக்கு நேராக ஓரமாக நிறுத்தி ட்ரிப்பைச் சுழியாக்கி, பத்தாவது கல்லுக்கு நேராக மீண்டும் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஓடிக்கொண்டே குனிந்து பார்ப்பது வேண்டவே வேண்டாம். பணகுடி, காவல்கிணறு பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஒரே வேகத்தைப் பிடித்து ஓட்டுவதே சிரமம். தூர அளவை அந்தக் காற்று பெரிதாகக் கெடுக்காது என்பதும் இந்த முறைக்கு ஒரு நன்மை. காரையாறு சாலை போன்ற மலைப்பாதையில் ஜி.பி.எஸ். தூரத்தை நம்பாதீர்கள். மரமும் மலையும் மறைப்பதோடு, வளைவுகளைக் குறுக்கே வெட்டியும் அது எண்ணும்.

பத்துக் கிலோமீட்டரைக் காட்டிய எண்ணால் வகுத்தால் உங்கள் திருத்த எண் கிடைக்கும். பல் கணக்கில் வந்த எண்ணோடு அது ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பல்லை எண்ணியது தவறு, அல்லது டயர் அளவு மாறியிருக்கிறது. காரணம் தெரியாமல் கருவி வாங்காதீர்கள். திருத்தக் கருவி என்பது சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே அமர்ந்து, துடிப்புகளின் எண்ணிக்கையை நாம் சொல்லும் சதவீதத்துக்குக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும் சிறிய மின்னணுப் பெட்டி. 15-க்கு 14 போட்டவர் 6.7 சதவீதம் குறைக்கவும், 16 போட்டவர் அதே அளவு கூட்டவும் வேண்டும். வண்டியின் வயரை வெட்டாமல் அதே வகை கனெக்டரோடு வருவதையே வாங்குங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடச் சொல்லுங்கள். கறுப்பு டேப் சுற்றிய இணைப்புகளுக்குள் ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கி, மீட்டர் ஓடுவதும் நிற்பதுமாகத் தவிப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஏ.பி.எஸ். சக்கர சென்சார் வயரில் இத்தகைய கருவியை எக்காரணம் கொண்டும் பொருத்தக்கூடாது. இரு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று ஏ.பி.எஸ். முடிவெடுக்கிறது, அதற்குப் பொய்யான எண்ணிக்கையைக் கொடுத்தால் பிரேக் பிடிக்கும் கணத்தில் அது தவறாக முடிவெடுக்கும். சக்கர சென்சார் உள்ள வண்டிக்குப் பல் மாற்றத்தால் திருத்தமே தேவையில்லை என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் கொள்க. கியர்பாக்ஸ் சென்சார் உள்ள சில வண்டிகளில், கியர் எண்ணைக் காட்டும் வசதி தனி சென்சார் இல்லாமல், என்ஜின் சுழற்சியையும் வேகத்தையும் ஒப்பிட்டு இயங்குகிறது. அந்த இரண்டின் விகிதத்தைப் பல் மாற்றம் தொடவில்லை, திருத்தக் கருவிதான் தொடுகிறது. ஆகவே கருவி பொருத்திய பிறகு கியர் எண் தவறினால் திகைக்க வேண்டாம்.

டயரைப் பற்றி ஒன்று. முன்சக்கரத்திலிருந்து மீட்டர் ஓடும் வண்டியில், முன்பக்கம் 80/100-18-க்குப் பதில் 90/90-18 போட்டால் மீட்டர் கெடுமா என்று கேட்கிறார்கள். முன்னதன் விட்டம் ஏறத்தாழ 617 மி.மீ., பின்னதன் விட்டம் 619 மி.மீ.; பொருட்படுத்த வேண்டாம். 100/90-18 போட்டால் 637 மி.மீ. ஆகி, மீட்டர் 3 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும்.

பல் மாற்றிய நாளில் மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும், போட்ட பல் எண்ணிக்கையையும், திருத்தம் செய்திருந்தால் அதன் சதவீதத்தையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, ஸ்பிராக்கெட் வாங்கிய பில்லையும் அதோடு வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் அதைக் காட்டுங்கள். பின்னாளில் பழைய அளவு ஸ்பிராக்கெட்டுக்கே திரும்பினால், கருவியிலுள்ள சதவீதத்தையும் அன்றே சுழியாக்கிவிட வேண்டும்; செயின் செட்டை வேறு கடையில் மாற்றுபவர்கள் இந்தக் கருவி இருப்பதைத் தாங்களே அங்கே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டி மெக்கானிக்கின் கண்ணில் படாது.